இரண்டு மரம் வரைய ஒரு பெட்டி: சீன மைத்தொகுப்பு தேறுமா?

‘சீன மை ஓவியத் தொகுப்பு’ என்று ஆன்லைனில் தேடினால், கிட்டத்தட்ட ஒரே பெட்டிதான் வெவ்வேறு பெயர்களில் வந்து நிற்கும். பட்டுத்துணி ஒட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே மூங்கில் கைப்பிடி போட்ட நாலைந்து தூரிகைகள், தங்க எழுத்து பதித்த ஒரு மைக்கட்டி, உள்ளங்கை அகல மைக்கல், பீங்கானில் தூரிகைத் தாங்கி, குட்டித் தண்ணீர்க் கிண்ணம், முத்திரைக்கல், அதற்குச் சிவப்புப் பசை. பரிசாகக் கொடுக்க நல்ல பொருள். வரைவதற்கு என்றால் பாதிதான் தேறும். எந்தப் பாதி, மீதிக்கு என்ன வாங்குவது என்பதற்குத்தான் இந்த மதிப்புரை.

தொகுப்பைச் சோதிக்க இரண்டு மரங்களை அருகருகே வரைந்து பார்த்தால் போதும். ஒற்றை மரத்தை எந்த மையிலும் எந்தத் தாளிலும் ஒப்பேற்றிவிடலாம். பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தும்போதுதான் பொருட்களின் குறை வெளியே வரும். முன்னது கறுப்பாகவும் பின்னது வெளிறியும் வரவேண்டும். கிளைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மை குழம்பக் கூடாது. நடுவில் விட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கவேண்டும்.

சீனத்தில் மரம் வரையக் கற்பவர்களுக்கு இதுதான் தொடக்கப் பாடம். 1679இல் நான்ஜிங்கில் வெளிவந்த ‘கடுகுவிதைத் தோட்ட’ ஓவியக் கையேட்டைத் தொகுத்தவர் வாங் கை. இரண்டு மரத்துக்கு அதில் இரண்டு வகை சொல்லியிருக்கிறது. பெரிய மரத்தோடு சிறியதைச் சேர்த்தால் முதியவரைச் சுமப்பது. சிறிய மரத்தோடு பெரியதைச் சேர்த்தால் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துவது. பெரியது பரந்து, பாசம் தெரிய நிற்கவேண்டும். சிறியது நளினமாக இருக்கவேண்டும். கூடி நிற்கும் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுபோல இரண்டும் இருக்கவேண்டும் என்கிறது நூல். வாங் கையின் ஆசிரியர் கோங் ஷியான் இன்னும் கறார். ஒன்று குனிந்தால் மற்றது நிமிரவேண்டும். ஒன்று சாய்ந்தால் மற்றது நேராக. ஒன்று இடம் பார்த்தால் மற்றது வலம். ஒன்றுக்கு வேர் தெரிந்தால் மற்றதற்குத் தெரியக்கூடாது. ஒன்றின் தலை தட்டையென்றால் மற்றது கூர்மை. அடிமரங்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. உறவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முழுக்க அதைப் பற்றியே பேசும் பட்டியல் இது. பெட்டியோடு வரும் அச்சுக் கையேட்டில் இதில் ஒன்றுகூட இருக்காது. மூங்கில், ஆர்க்கிட், இறால் என்று மூன்று படம் போட்டு முடித்திருப்பார்கள்.

இனி பெட்டியைப் பிரிக்கலாம்.

முதலில் மைக்கட்டி. நல்ல மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குத்தோல் பசையும் சேர்த்து அச்சில் அழுத்திக் காயவைத்தது. (சைவப் பொருள் மட்டும் புழங்குபவர்கள் வாங்குமுன் இதைக் கவனியுங்கள்.) விளக்கின் மேல் மூடி வைத்துக் கண்மைக்குக் கரி எடுப்பதுபோலத்தான் அங்கே எண்ணெய்ப் புகையைப் பிடிக்கிறார்கள், மரபில் அது துங் என்ற மரத்தின் விதையெண்ணெய். இந்தக் கரி வெதுவெதுப்பான, சற்றுப் பழுப்பு கலந்த கறுப்பைத் தரும், லேசாக மினுங்கும். இன்னொரு வகை பைன் மரத்தை எரித்து எடுக்கும் கரி. அது மினுக்கம் இல்லாத, நீலச்சாயல் ஓடும் கறுப்பு. முன் மரத்துக்கு எண்ணெய்க்கரி, தொலைவில் பனிக்குள் நிற்கும் மரத்துக்கு பைன்கரி என்று பிரித்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். மரத்தின் புகையிலேயே மரத்தை வரைவதில் தனி ருசியும் உண்டு.

பெட்டி மைக்கட்டியில் இது எந்த வகை என்றே எழுதியிருக்காது. பெரும்பாலும் மலிவான தொழிற்சாலைக் கரியாக இருக்கும். சோதிப்பது எளிது. கொஞ்சம் உரைத்து, ஒரு சொட்டை நிறையத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தாளில் ஒரு பூச்சு பூசுங்கள். நல்ல மை வெளிறினாலும் தெளிவாக இருக்கும். மட்டமான மை அழுக்குத் தண்ணீர் நிறத்தில் காயும், நடுவே மணல்போல் துகள் தெரியும். பின் மரம் முழுவதும் இந்த வெளிறிய மையில்தான் வரப்போகிறது. இங்கே தோற்றால் படம் தோற்றது.

மைக்கல் இன்னும் மோசம். கல்லின் வேலை தேய்ப்பது. நல்ல கல்லை நகத்தால் வருடினால் மிக நுண்ணிய சொரசொரப்பு தட்டும். பெட்டிக் கல் கண்ணாடிபோல் வழவழக்கும். சிலவற்றில் மேலே மெருகுப்பூச்சு வேறு. கால்மணி நேரம் உரைத்தாலும் சாம்பல் தண்ணீர்தான் கிடைக்கும். எறிவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. 600 எண் நீர்உப்புத்தாளால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்த்து, பின் 1000 எண்ணால் முடித்தால் சில கற்கள் உயிர் பெறும். மெருகு போயும் வழுக்கினால் கல்லைக் காகிதம் பறக்காமல் வைக்கும் பாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூலைச் செதுக்கல்களில் டிராகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் மை உரைப்பதற்கு அது உதவாது.

நல்ல கல்லும் கட்டியும் உள்ளவர்களுக்கு முறை இது: ஒரு தடவைக்கு அரை டீஸ்பூன் தண்ணீர். கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக, அழுத்தாமல் வட்டம் போடவேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் மை கரடாகும், நுரை கட்டும். வட்டம் போன தடம் உடனே மூடாமல் ஒரு நொடி தெரிந்தால் மை தயார். முடிந்ததும் கட்டியின் நுனியைத் துடைத்துவிடுங்கள். கல்லின் மேல் நிற்க வைத்துவிட்டுப் போனால் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது கல்லின் தோல் உரியும். உரைத்த மையில் பசை இருப்பதால் நம் ஊர் வெக்கையில் மறுநாளே நாறும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று உரைப்பதுதான் வழி.

தினமும் உரைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாட்டில் மை போதும். பெய்ஜிங்கில் 1865இல் தொடங்கிய ‘யீதேகே’யின் மை சீனத்தில் பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓவியர்கள் வரை புழங்குவது, கறுப்பு ஆழமானது, நீர்த்தாலும் பரவாயில்லாமல் வெளிறும். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டிலில் தூரிகையை நேராக முக்காதீர்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றவும் வேண்டாம், பாட்டில் முழுவதும் கெட்டுப்போகும். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கடையில் ‘வாட்டர்புரூஃப்’ என்று விற்கும் வரைபட இந்தியன் இங்க். அவற்றில் பல அரக்குச் சேர்த்தவை. தூரிகையின் அடிமுடியில் காய்ந்தால் பிறகு எந்தத் தண்ணீருக்கும் கரையாது.

தூரிகைகளில் பெட்டி அவ்வளவு மோசமில்லை. ஐந்தில் இரண்டு தேறும். நடுத்தர அளவில், வெள்ளை ஆட்டுமுடிக்குள் பழுப்பு முடி வைத்த கலப்புத் தூரிகை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுமுடி தண்ணீரைப் பிடித்து வைக்கும், உள்முடி நுனியை நிமிர்த்தும். ஒரு மரத்தின் அடிமரம், கிளை, இலை மூன்றையும் இதிலேயே முடிக்கலாம். இரண்டாவது, வீசல் (கீரிபோன்ற சிறு விலங்கு) முடித் தூரிகை. பழுப்பாக, விறைப்பாக இருக்கும். சிறு கிளைகளுக்கு அது. பெட்டித் தூரிகையில் நைலானுக்குச் சாயம் பூசி வைப்பதும் உண்டு. உதிர்ந்த ஒரு முடியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி என்றால் கருகிப் பொடியாகும், நாற்றமே சொல்லிவிடும். நைலான் உருகிக் குண்டாகும். பெரிய ஆட்டுமுடித் தூரிகையை நம்ப வேண்டாம். கடையில் கூராக நிற்பது கஞ்சிப்பசையால். கஞ்சி கரைந்ததும் நுனி இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

தூரிகையைச் சோதிக்கச் சீனர்கள் நான்கு குணம் பார்ப்பார்கள். ஈரமாக்கினால் நுனி கூராக வேண்டும். விரலால் தட்டையாக அழுத்தினால் முடிகளின் முனை ஒரே வரிசையில் நிற்கவேண்டும். வயிறு உருண்டையாக இருக்கவேண்டும். வளைத்து விட்டால் திரும்பி நிமிரவேண்டும். புதுத் தூரிகையின் கஞ்சியைக் கரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீரில் போட்டால் முடியைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் பசை இளகி, வரையும்போது ஒவ்வொன்றாக உதிரும். கழுவியபின் நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் மூடியை மாட்டி வைத்தால் ஈரத்தில் அடிமுடி அழுகும். மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். அந்த மூடியைப் பெட்டி வந்த அன்றே குப்பையில் போடலாம்.

காகிதத்துக்கு வருவோம். பெட்டி முழுத் தோல்வி அடைவது இங்கேதான். பெரும்பாலானவற்றில் தாளே இருக்காது. இருந்தால் கட்டம் போட்ட எழுத்துப் பயிற்சித்தாள், இல்லாவிட்டால் தண்ணீரால் எழுதினால் கறுத்து, காய்ந்தால் மறையும் துணி. இரண்டிலும் மரம் வராது.

வேண்டியது ஷுவான் தாள். அன்ஹுய் மாகாணத்தின் ஜிங்ஷியான் பகுதியில், சிங்தான் மரப்பட்டையையும் நெல் வைக்கோலையும் கூழாக்கிக் கையால் வார்ப்பது. 2009இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தத் தொழில் சேர்ந்தது. அங்கிருந்து வரும் பெயர்பெற்ற முத்திரை ஹோங்ஷிங். பட்டை கூடக்கூடத் தாள் வலுக்கும், விலையும் ஏறும். வழக்கமான முழுத்தாள் 69க்கு 138 செ.மீ.; எட்டாகக் கிழித்தால் 34.5 செ.மீ. சதுரங்கள் கிடைக்கும். இரண்டு மரத்துக்கு இந்த அளவு கச்சிதம்.

எதுவும் பூசாத பச்சைத்தாள், படிகாரமும் பசையும் பூசிய படிகாரத்தாள், இரண்டுக்கும் நடுவில் அரைப்பூச்சுத் தாள் என்று மூன்று வகை. படிகாரத்தாளில் மை பரவாது, நுணுக்கமான கோட்டுவேலைக்கு ஆகும். மரத்துக்குப் பச்சைத்தாள்தான். முதல் சில தாள்களில் கை ஒரு நொடி தயங்கினாலும் மை காசளவு பரவிவிடும், மனம் தளர வேண்டாம். பயந்தவர்கள் அரைப்பூச்சில் தொடங்கலாம்.

பச்சைத்தாளின் அசல் குணம் எங்கே தெரியும் என்றால், இரண்டு வெளிறிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில். சாதாரண வாட்டர்கலர் தாளில் அந்த இடம் ஒரே திட்டாகிவிடும். இங்கே அப்படி ஆவதில்லை. முதல் கோட்டின் மையிலுள்ள பசை நார்களுக்குள் இறங்கி அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் மை அதன் ஓரம்வரை வந்து நின்றுவிடுகிறது. நடுவில் மயிரிழை அளவு வெளிச்ச ஓரம் விழும். முதலில் போட்ட கோடு முன்னால் இருப்பதுபோலவும் அடுத்தது அதற்குப் பின்னால் நுழைவதுபோலவும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மரமும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்தாலும் தத்தம் ஓரத்தை இழக்காது. இந்த ஒரு குணத்துக்காகவே இந்தத் தாளுக்குக் காசு கொடுக்கலாம். தண்ணீர் அளவுக்கு மீறினால் மையில் பசை போதாமல் இந்த ஓரம் விழாது. ‘தாள் போலி’ என்று திட்டுவதற்கு முன் கிண்ணத்தைப் பாருங்கள்.

உண்மையிலேயே போலியும் உண்டு. எந்திரத்தில் செய்த மரக்கூழ்த் தாளை ஷுவான் என்று விற்பார்கள். ஒரு பட்டையைக் கிழித்து நனைத்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். பட்டைநார்த் தாள் ஈரத்திலும் தாங்கும், கூழ்த்தாள் அறுந்து விழும். பயிற்சிக்கு மஞ்சளாக வரும் மூங்கில் தாள் மலிவு. நேபாளத்து லோக்தா தாளும் முயலத் தக்கது. பட்டைநார்தான், ஆனால் ஓரம் அவ்வளவு சுத்தமாக விழாது. கெட்டியான பருத்திக் கைத்தாள்களில் பெரும்பாலும் பசையேற்றியிருக்கும், மை மேலேயே நின்றுவிடும்.

தாளைச் சேமிப்பதில் ஒரு முரண் இருக்கிறது. பச்சைத்தாள் பழசானால் மை இறங்குவது நிதானப்படும், அதனால் பழைய கட்டுக்கு மதிப்பு அதிகம். படிகாரத்தாள் பழசானால் பூச்சு அங்கங்கே விட்டு, வரையும்போது பொட்டுப்பொட்டாக மை ஊறும். முன்னதை வாங்கி அடுக்கலாம். பின்னதை வேண்டும்போது மட்டும் வாங்குங்கள். இரண்டையும் பாலித்தீனில் சுற்றி, சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

தாளுக்கு அடியில் கம்பளி விரிப்பு வேண்டும், பெட்டியில் அது வருவதில்லை. விரிப்பு இல்லாமல் மேசைமேல் வரைந்தால் ஈரத்தாள் பலகையோடு ஒட்டி, எடுக்கும்போது கிழியும். அடியில் தேங்கிய மை பக்கவாட்டில் ஓடும். பழைய கம்பளிப் போர்வை நன்றாகவே வேலை செய்யும். செய்தித்தாள் வேண்டாம், அச்சுமை ஒட்டும்.

இப்போது சோதனை. மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணம். முதலாவதில் பாட்டில் மை, இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரோடு. இரண்டாவதில் ஒரு டீஸ்பூன் தண்ணீருக்கு ஐந்து சொட்டு மை. மூன்றாவதில் ஒரு டீஸ்பூனுக்கு ஒரே சொட்டு. காய்ந்தபின் எல்லாமே ஒரு படி வெளிறும், ஆகவே ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தெரியட்டும்.

தூரிகையை முழுக்க நனைத்து, துணியில் ஒற்றி, பாதிவரை இரண்டாம் கிண்ணத்தில் முக்கி, நுனியை மட்டும் கருமையில் தொடுங்கள். முன் மரத்தின் அடிமரத்தைத் தூரிகையைச் சாய்த்து, மேலிருந்து கீழாக, இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்து வரையவேண்டும். ஒரே வீச்சில் வழித்தால் தண்ணீர்க்குழாய் ஆகிவிடும். மை தீரும் இடத்தில் தாளின் வெண்மை பொரிப்பொரியாகத் தெரிந்தால் அதுவே பட்டை, அதை நிரப்பாதீர்கள். அடுத்து கிளைகள், நாலு திசைக்கும் போகவேண்டும், பார்ப்பவரை நோக்கி ஒன்றாவது வரவேண்டும். மேலே விரிந்தால் மான்கொம்பு, கீழே கவிந்தால் நண்டுக்கால். ஒரு மரத்துக்கு மான்கொம்பு கொடுத்தால் மற்றதற்கு நண்டுக்கால் கொடுத்துப் பாருங்கள், பேச்சு தானாகத் தொடங்கும்.

முன் மரத்தின் ஈரப் பளபளப்பு அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு பின் மரம், மூன்றாம் கிண்ணத்து மையில், அங்கங்கே இரண்டாவது கலந்து. இந்தச் சதுரத்தில் அதன் அடி முன் மரத்தின் அடியைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே இருக்கட்டும்; உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். இரண்டும் ஒன்றை நோக்கும் பக்கம் கிளை குறைவு, வெளிப்பக்கம் நீளம். பிழைகள் பெரும்பாலும் நான்குதான். ஒரே உயரம். ஒரே சாய்வு: அணிவகுப்பு ஆகிவிடும். நடுவெளி அதிகம்: ஒரே தாளில் இரண்டு தனிப்படம். நான்காவதுதான் பலர் கவனிக்காதது, கிளை நுனியும் கிளை நுனியும் சரியாகத் தொட்டு நிற்பது. கடந்து போகட்டும், இல்லை எட்டாமல் நிற்கட்டும். நுனி தொட்டால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கடைசியாக இலைகள், மிளகுப்புள்ளி போதும். முன் மரத்துக்குக் கறுப்பு, பின்னதற்குச் சாம்பல். கிளை முழுவதும் இலை போட்டு மூடினால் அதுவரை செய்த வேலை போச்சு.

பெட்டி மையும் கட்டத்தாளும் வைத்து இதே படத்தை வரைந்தால், பின் மரம் அழுக்காகி முன்னது மேல் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் மை, பச்சைத்தாள், பெட்டியின் அதே கலப்புத் தூரிகை என்று மாற்றினால் இரண்டும் பிரிந்து, தள்ளி நின்று, ஆனால் சேர்ந்தே நிற்கும். தூரிகைக்குப் பெரிய செலவு செய்யத் தேவையில்லை என்பது இதில் தெரியும் நல்ல சேதி.

இரண்டு கைவந்தால் மூன்று. கோங் ஷியான் முதல் மரத்தை வீட்டுக்காரர் என்றும் மற்ற இரண்டையும் விருந்தாளிகள் என்றும் வைத்தார். கடுகுவிதைத் தோட்டக் கையேடு நான்கைத் தனியாகச் சொல்லித்தராமல் ஐந்துக்குத் தாவிவிடும். நான்கு என்பது மூன்றும் ஒன்றும், அல்லது இரண்டும் இரண்டும். ஐந்து பழகினால் ஆயிரத்துக்கும் வழி கிடைத்துவிடும் என்பது அதன் கணக்கு. இதற்குச் சீன ஓவியர் ‘நீ ட்ஸான்’ 1345இல் வரைந்த ஆறு மரங்களைப் பார்க்கவேண்டும், ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏரிக்கரைத் திட்டில் ஆறு மரம், எதிரே நீர், தொலைவில் மலை. ஆறு சான்றோர் என்றே அந்தப் படத்துக்குப் பெயர். உலர்ந்த வெளிர்மை, ஆள் ஒருவரும் இல்லை.

நம் மரங்களுக்கு இந்தத் தொகுப்பு ஒத்துவருமா? பனைக்குப் பாதி. கருக்கு மட்டைக்கு வீசல் தூரிகை அருமையாகப் பொருந்தும், ஆனால் சாய்வும் வளைவும் இல்லாத அடிமரத்தில் கோங் ஷியானின் பட்டியல் பாதி பயனற்றுப் போகும்; உயரம், அடிமட்டம், கருமை மூன்றை வைத்துத்தான் இரண்டு பனையைப் பேச வைக்கவேண்டும். ஆலுக்கு முழுசாக ஒத்துவரும். அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் விழுந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. வீட்டுக்காரர் போனபின் விருந்தாளிகளை வைத்து எப்படிக் கட்டுவது என்பது ஐந்து மரப் பாடத்தையும் தாண்டிய சிக்கல். அதற்குக் கிண்ணங்கள் மூன்று போதாது, ஐந்து வையுங்கள்.

மதிப்பெண்: தூரிகை ஐந்துக்கு மூன்று, மைக்கட்டி ஒன்றரை, கல் ஒன்று, தாள் பூஜ்யம். தாங்கியும் தண்ணீர்க் கிண்ணமும் பயன்படும். முத்திரைக்கல் பெரும்பாலும் வெறுங்கல், பெயரை நீங்கள்தான் செதுக்கவேண்டும். சிவப்புப் பசையில் பாதரசம் கலந்த வகை இருக்கலாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது பரிசாகத் தந்தால் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காசு என்றால் நடுத்தரக் கலப்புத் தூரிகை ஒன்று, சிறிய வீசல் தூரிகை ஒன்று, 100 மி.லி. பாட்டில் மை, பச்சைத்தாள் பத்து. கம்பளிப் போர்வை வீட்டிலேயே இருக்கும். தாளை ஆர்டர் செய்யும்போது சுருளாக வருமா மடிப்பாக வருமா என்று கேட்டுவிடுங்கள். மடித்த கோட்டில் நார் நசுங்கி மை கோடாக ஓடும், பெரும்பாலும் அது இரண்டு மரத்துக்கும் நடுவில்தான் விழும்.